கடைசியாகப் பார்த்த முகம்

மழை விட்ட பிறகு தார்ச்சாலையிலிருந்து ஆவி எழும்புவதை நான் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தது சிங்கப்பூரின் வடக்கே, மண்டாய் சாலை முனையில்தான். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். பச்சை நிறப் பேருந்து எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு உட்லண்ட்ஸ் பக்கம் போய்விட்டது. அதன் இரைச்சல் தேய்ந்து மறைந்ததும் உலகத்தில் வேறு ஓசையே இல்லை என்று தோன்றியது. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், எங்கள் பேச்சில் கித்தா. அளந்து நட்ட வரிசைகள்தான், ஆனால் உள்ளே பார்க்கப் பார்க்க வரிசை கலைந்து எல்லாம் ஒரே பச்சை இருட்டாகிவிடும். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "சேறா இருக்கு. பாத்து வா" என்று சொல்லிவிட்டு அந்த ஆவிக்குள் நடந்தார். மெல்லிய நீலக் கரை போட்ட வெள்ளை வாயில் துணிச் சேலை. பத்து அடி போனதும் சேலை தெரியவில்லை. கையில் இருந்த துணிப்பை மட்டும் தனியே மிதந்து போனது. இன்றைக்கும் அக்காவை நினைத்தால் எனக்கு அந்த நடைதான் முதலில் வரும், முகம் அதற்குப் பிறகுதான்.

அக்கா எனக்கு உறவு கிடையாது. எங்கள் தேவாலயத்தின் சார்பில் ஊர்ப்புறத்துத் தோட்டங்களுக்குப் போய், அங்கே உள்ள பெண்களோடு உட்கார்ந்து பேசி, பாடி, வேதக் கதைகள் சொல்லி வருவதுதான் அவர் வேலை. தோட்டத்து மக்கள் 'வேதக்காரம்மா' என்பார்கள். அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. எனக்கு இருபத்திரண்டு. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பெண் தனியாகக் கித்தாக் காட்டுக்குள் போய்வருவது நல்லதில்லை என்று போதகர் நினைத்தார். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை, பாடவும் வரும். அதனால் என்னை அக்காவோடு அனுப்பினார். நான் பெரிய பக்தியோடு கிளம்பினேன் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு நடக்கும். அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

தோட்டம் பெரிய சாலையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு வரிசைப் பலகை வீடுகள், நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். வீட்டு வரிசை முடிகிற இடத்தில், கித்தாப் பாலை உறையவைத்துத் தட்டையாக்கிய தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் உயரமான கூடம். அதைப் புகைவீடு என்பார்கள். பகலெல்லாம் அதன் கூரை இடுக்குகளிலிருந்து புகை கசிந்து மரங்களுக்குள் படர்ந்துகொண்டிருக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு வாடை. பேருந்தில் வீடு திரும்பி, குளித்து, தலை துவட்டிய பிறகும் அது கூந்தலில் இருக்கும்.

முதல் நாளே வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் எங்களை நிறுத்தினார். "வாங்க, பாடுங்க, பேசுங்க. எங்க சாமியைப் பத்தித் தப்பா மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க" என்றார். "எங்க சாமியைப் பத்திப் பேசவே எனக்கு நேரம் போதலைங்க" என்றார் அக்கா. மண்டோர் சிரித்துவிட்டார். அதன் பிறகு யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

அக்கா போனதும் கதையை ஆரம்பித்துவிட மாட்டார். முதலில் பிள்ளைகளின் முழங்கால் புண்களுக்கு ஊதா மருந்து தடவுவார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊதா முழங்காலோடுதான் திரிந்தார்கள். பிறகு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். யாருடைய மாமியாருக்கு என்ன கோபம், யாருடைய தம்பிக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதெல்லாம் முடிந்து, வெயில் சாய்ந்து, பெண்கள் துணி துவைத்து முடிக்கிற நேரத்தில் குழாயடியில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்வார். பெரும்பாலும் ஒரே கதைதான். பயணக் களைப்போடு கிணற்றடியில் வந்து உட்கார்ந்த இயேசு, தண்ணீர் எடுக்க வந்த வேற்று ஊர்ப் பெண்ணிடம், ஊரே ஒதுக்கி வைத்த ஒருத்தியிடம், "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா?" என்று கேட்ட கதை. அந்தப் பெண்ணுக்கு ஐந்து புருஷன்மார் இருந்தார்கள் என்று வரும் இடத்தில் புகைவீட்டை ஒட்டிய முதல் வீட்டுக்காரி, எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு முறையும் தவறாமல், "அஞ்சா? நான் ஒண்ணை வச்சுக்கிட்டே பட்ட பாடு போதும்மா" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, தாழ்ந்த குரலில் கதையை முடிப்பார்: "தண்ணி கேக்குற இடத்துலதான் அவர் இருந்தார். கொடுக்குற இடத்துல இல்ல." எனக்கு அது அப்போது புரியவில்லை. குழாயிலிருந்து சொட்டும் நீரின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து அக்கா ஆண்களிடம் நீட்டுவார். "சயாமுக்குப் போய்த் திரும்பினவங்க யாராவது இருக்கீங்களா? இவரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" படத்தில் கோட்டு போட்ட ஒரு மெலிந்த மனிதர். பக்கத்தில் கைவிரல்களை இறுக்கக் கோத்துக்கொண்டு பதினெட்டு வயது அக்கா. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் இருவரும் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். கணவர் அங்கே சபையை நடத்தும் உபதேசியார். ஒருநாள் லாரி வந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை என்றார்கள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடமாகியிருந்தது. இறந்ததாகவும் செய்தி இல்லை, இருப்பதாகவும் இல்லை. வெள்ளைச் சேலை அக்காவின் ஊழியத்துக்கான உடை. தாலி கழுத்தில்தான் இருந்தது.

இது எனக்கு உறுத்தியது. சபையிலும் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருநாள் பேருந்தில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்க ஆண்டவருக்காகப் போறீங்களா, அவரைத் தேடிப் போறீங்களா?" அவருக்குக் கோபம் வரவில்லை. ஜன்னல் வழியே ஓடும் மரங்களைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுக்கும்தான். ரெண்டையும் பிரிக்க உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லிக் கொடு" என்றார்.

புகைவீட்டில் வேலை பார்த்தவரை எல்லோரும் புகைவீட்டு அண்ணன் என்பார்கள். ஐம்பது வயது இருக்கலாம், அதற்கு மேலும் தெரியும். இடது கணுக்காலுக்கு மேலே சதை கரைந்து எலும்போடு ஒட்டிய ஒரு பெரிய வடு. விந்தி நடப்பார். நாங்கள் வருகிற நேரம் பார்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவரும் சயாமுக்குப் போய் வந்தவர்தான் என்று அத்தை சொல்லி, அக்கா ஒருமுறை அவரை வாசலிலேயே பிடித்துப் படத்தை நீட்டினார். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நான் போகலம்மா. ஆள் மாத்திச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வடுவைப் பார்த்த யாருக்கும் அது பொய் என்று தெரியும். அக்கா வற்புறுத்தவில்லை. "பேசப் பிடிக்காம இருக்கும். எத்தனையோ பேருக்கு அப்படித்தான்" என்றார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது அத்தை புகைவீட்டு வாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். "அம்மா, அண்ணனுக்கு நாலு நாளா காய்ச்சல். கால் புண்ணு மறுபடியும் வாயைத் திறந்துக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன்னா போக மாட்டேங்குறாரு. நீங்க கொஞ்சம் பாருங்க."

முதன்முதலாகப் புகைவீட்டுக்குள் போனேன். தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் கித்தாத் தகடுகள் தொங்கின. சுவர் இடுக்குகள் வழியே வந்த வெயில் அவற்றின் ஊடே புகுந்து தேன் நிறமாக இறங்கியது. கதவோரம் ஒரு பலகையில் அவர் படுத்திருந்தார். அக்கா உப்புப் போட்ட வெந்நீர் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். அவர் வெடுக்கென்று இழுத்தார்.

"வேணாம்மா. என் காலைத் தொடாதீங்க."

"கழுவாம எப்படி மருந்து போடுறது? சும்மா இருங்க."

அண்ணன் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா கழுவத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, கையை எடுக்காமலே அவர் சொன்னார்: "அந்தப் படத்துல இருக்குறவரை எனக்குத் தெரியும்."

அக்காவின் கை நிற்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மூங்கில் பரண்லதான் படுப்போம். ஏழு மாசம். அப்புறம் பேதி வந்துச்சு. வந்தவங்களைத் தூக்கிட்டுப் போயி ஆத்தோரத்துக் கொட்டகையில போடணும். உசிரு இருந்தாலும் போடணும். தலைமாட்டுல ஒருத்தன், கால்மாட்டுல நான். இறக்கி வைக்கும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தண்ணி வேணும்னாரு. இதோ கொண்டாரேன்னு சொன்னேன். சொல்லிட்டு வந்துட்டேன். போகலம்மா. எனக்கும் ஒட்டிக்கும்னு பயம். அவரு கூப்பிட்டது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் போனேன். அந்த இடத்துல வேற ஆளு படுத்திருந்தான்."

வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் வந்தது. அவர் மறுபடி பேசினார். "வாராவாரம் குழாயடியில தண்ணி கேட்ட கதையைச் சொல்றீங்க. இந்தச் சுவத்துக்குப் பின்னாடி எனக்கு எல்லாம் கேக்கும். உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அக்கா புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, துணி சுற்றி முடிச்சுப் போட்டார். காலை மடியிலிருந்து எடுத்து மெதுவாகப் பலகைமேல் வைத்தார். எழுந்து கையைக் கழுவினார். பிறகு பையை எடுக்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடக்கத் தொடங்கினார். பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அந்த ஒன்றரை மைலில் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை முனையில் நாகூர்க்காரர் ஒருவர் சின்ன ஒட்டுக்கடை வைத்திருந்தார். "என்னம்மா, முகமே சரியில்ல? ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போங்க லா" என்றார். அக்கா வாங்கிக் குடித்தார். நன்றி சொன்னார். பேருந்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆத்தோரம்னுதானே சொன்னார்?" ஆமாம் என்றேன்.

அடுத்த நான்கு சனிக்கிழமை அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று போதகரிடம் சொல்லிவிட்டிருந்தார். என்னைப் போக வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, அதனால் போதகரிடம் கேட்காமல் தனியாகவே போனேன். ஊதா மருந்து தடவினேன். கடிதம் எழுதினேன். கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாடினேன். புகைவீட்டு அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மூன்றாவது வாரம் நான் போனபோது அவர் புகைவீட்டுக்கு வெளியே, வாசல்படியில், சாலையிலிருந்து வரும் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் பின்னால் வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு அரைக்கும் கடையின் மாடியில் அக்கா வாடகைக்கு இருந்தார். நான் போனது ஒரு ஞாயிறு பிற்பகல். கீழே இயந்திரம் ஓடவில்லை. இருந்தாலும் மிளகாய் நெடியும் அரிசி மாவின் மணமும் மரப்படிகளிலேயே ஊறிக் கிடந்தன. சாளரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா எதையோ தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தாலி இல்லை. கழற்றியதை யாரிடமும் சொல்லவில்லை, கணவருக்கான ஜெபத்துக்கும் யாரையும் கூப்பிடவில்லை.

"அந்த ஆள் செத்துப்போகணும்னு ஜெபம் பண்ணினேன்" என்றார், நான் உட்கார்வதற்கு முன்னாலேயே. "நான்தான். வாராவாரம் போய் அன்பு, அன்புன்னு பேசினவ. முட்டி போட்டுக் கேட்டேன். அப்புறம் ஆண்டவர்கிட்டயே சண்டை போட்டேன். தண்ணி கேக்குற இடத்துல நீர் இருக்கீர்னு ஊரெல்லாம் சொன்னேனே, அந்தக் கொட்டகையில எங்க இருந்தீர்னு கேட்டேன்."

"பதில் வந்துச்சா அக்கா?"

"இல்ல." ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ஆனா ஒரு பயம் வந்துடுச்சு. நான் கேட்டபடி அந்த ஆள் நிஜமாவே செத்துட்டா, இவரைப் பத்தி நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

அடுத்த சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். கையில் கஞ்சி வைத்த தூக்குச்சட்டி. தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஓடி வந்த பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு நேராகப் புகைவீட்டுக்குப் போனார். அண்ணன் எழுந்து நிற்க முயன்றார். அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நீண்ட நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"அவர் கடைசியா பாத்த முகம் உங்க முகம்தான். அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. வந்தா சொல்றேன். இப்ப நீங்க சொல்லுங்க. முதல் நாள்ல இருந்து சொல்லுங்க."

அப்படித்தான் அந்த இரண்டாவது காலம் தொடங்கியது. அக்காவை நினைக்கும்போது என் மனம் தங்கி நிற்கும் காலம் அதுதான். குழாயடி வேலைகள் முடிந்ததும் அக்கா புகைவீட்டு வாசலில் போய் உட்காருவார். அண்ணன் சொல்வார். ரயில் பெட்டியில் நின்றுகொண்டே போன நாட்கள், மூங்கில் காடு, மலையிலிருந்து இறங்கி ஆற்றின்மேல் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும் காலைப் பனி. கதவிடுக்கிலிருந்து கசியும் புகை இருவருக்கும் நடுவே மெல்ல நகர்ந்து போகும். சில நேரம் எனக்கே நாங்கள் மண்டாயில் இருக்கிறோமா அந்த ஆற்றங்கரையில் இருக்கிறோமா என்று மயங்கும். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்வார் அக்கா. அன்றைக்கு என்ன சாப்பிட்டார்? சட்டை கிழிந்திருந்ததா? எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்?

ஒருநாள் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்க புளிக்குழம்பு வச்சா வாயில வைக்க முடியாதாமே?" அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அப்படியா சொன்னார்?" "சோறே இல்லாதப்ப சொல்வாரும்மா. இப்ப அது கெடைச்சா சட்டியோட குடிச்சிருவேன்னு." அக்கா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் அண்ணன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் தன் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதிக் காட்டினார். பள்ளிக்கூடமே போகாதவர். மழை பெய்து வேலை நின்ற நாட்களில் கரித்துண்டால் மூங்கிலில் எழுதி உபதேசியார் கற்றுக் கொடுத்ததாம். அக்கா குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கொம்பு அவர் போடுற மாதிரியே இருக்கு" என்றார்.

இப்படி ஒரு வருடம் ஆனபோது அண்ணன் சொன்னார்: "நான் உங்க வேதத்துல சேர்ந்துடுறேம்மா."

போதகருக்கு அது எட்டியதும் மகிழ்ந்துபோனார். அத்தனை வருட ஊழியத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட ஞானஸ்நானம் பெற்றதில்லை. ஆனால் அக்கா வேண்டாம் என்றுவிட்டார். ஆராதனை முடிந்து தேவாலயத்தின் பின்கட்டில் அவர்கள் பேசிக்கொண்டபோது நான் கூட இருந்தேன்.

"அம்மா, தானா வர்ற ஆத்துமாவை வேண்டாம்னு சொல்லலாமா?" என்றார் போதகர். குரலில் வருத்தம் இருந்தது.

"ஐயா, அவர் என்னைப் பாத்துத்தான் வர்றார். எனக்குச் செஞ்சதுக்கு ஈடா தன்னையே கொடுக்கப் பாக்குறார். அது எனக்கு வேணாம். ஆண்டவரைப் பாத்து வரட்டும். அன்னைக்கு நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

"அந்த நாள் வராமலே போயிட்டா?"

"ஆண்டவருக்கு வழி தெரியும் ஐயா. மண்டாய் வரைக்கும் எனக்கே தெரிஞ்சிருக்கே" என்றார் அக்கா. போதகருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. அண்ணனிடம் அக்கா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். கதை சொல்லும் நேரத்தில் மட்டும் எழுந்து வந்து, குழாயடியில் பெண்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று கேட்டார்.

அந்த நாள் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது புகைவீட்டுக் கதவு பூட்டியிருந்தது. புதன்கிழமை பிற்பகலில் அண்ணன் இறந்துவிட்டார் என்றார் மண்டோர். மறுநாளே கோயில் மேளம் அடித்து, தோட்டத்து முறைப்படி எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். அக்கா அப்படியே குழாய்க்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "தனியாவா இருந்தார்?" என்று கேட்டார். அது கேள்வியாக இல்லை, முனகல்போல் இருந்தது.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தனியா எதுக்கும்மா இருக்காரு? நான்தான் இருந்தேன். காலையிலருந்தே மூச்சு வாங்குச்சு. தண்ணி கேட்டாரு. தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன். மூணு வாட்டி குடிச்சாரு."

அக்கா அத்தையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். பால்வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். அத்தைக்குக் கூச்சமாகிவிட்டது. "என்னம்மா இது, ஒரு வாய்த் தண்ணிதானே" என்றார். அன்றைக்கு அக்கா கதை சொல்லவில்லை. பாட்டும் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், இருட்டுமுன் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் எழுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அக்கா அவரிடம் மன்னிப்பு என்ற சொல்லை எப்போதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என் காதுபட இல்லை.

பிறகு எனக்குத் திருமணமானது. சனிக்கிழமைகள் எனக்கு இல்லாமல் போயின. வேறொரு பெண் அக்காவோடு போனாள். சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டு வருடம் கழித்து, அதே மாவுக்கடை மாடியில், ஐந்து நாள் காய்ச்சலில் அக்கா இறந்தார். தோட்டத்து ஆட்கள் அதற்குள் வேலை தேடி நாலா பக்கமும் சிதறிவிட்டிருந்தார்கள். எப்படியோ செய்தி கேட்டுப் பதினோரு பெண்கள் வந்தார்கள். நெற்றியில் குங்குமத்தோடு, தேவாலயத்தின் கடைசி வரிசையில், பாட்டுத் தெரியாததால் வாய் மூடி நின்றார்கள். சபைப் பதிவேட்டில் அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒரு வரியும் கிடையாது. இப்போது நான் பூன் லேயில் எட்டாவது மாடியில் இருக்கிறேன். மண்டாய் சாலை வழியாகக் காரில் போனால் அந்தப் பாதை எங்கே பிரிந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. காடு எல்லாவற்றையும் மூடிக்கொண்டுவிட்டது.

சில வருடங்களுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். அந்தப் பழைய பாதையில் இன்னும் ஒரு ரயில் ஓடுகிறது, சுற்றுலாப் பயணிகள் போய்வருகிறார்கள் என்று தெரிந்ததும், போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். ஊருக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருந்தது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, கல் தவறாமல் பெயர் பொறித்திருந்தார்கள். நம் ஆட்களின் பெயரைத் தேடினேன். ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ரயில் மெதுவாகப் போனது. ஓரிடத்தில் பாறையை ஒட்டி மரத்தூண்கள்மேல் ஊர்ந்தது. கீழே ஆறு. அண்ணன் சொன்னது போலவே பனி அதன்மேல் படுத்திருந்தது. கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று அண்ணனுக்கே சொல்லத் தெரிந்ததில்லை, ஆற்றோரம் என்பதைத் தவிர.

அதனால் ரயில் நின்ற ஒவ்வொரு சின்ன நிலையத்திலும் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி உபதேசியாரின் பெயரைச் சொன்னேன். நான் ஒருநாளும் பார்த்திராத மனிதர். எதிர் இருக்கையிலிருந்து மகள், "யாரைம்மா கூப்பிடறீங்க?" என்றாள். "தெரிஞ்சவங்க" என்றேன். கடைசி நிலையத்தில் எல்லோரும் படம் எடுக்க இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. காலியான பெட்டியில் உட்கார்ந்து, முதலில் உபதேசியாரின் பெயரையும், அதை ஒட்டிப் புகைவீட்டு அண்ணனின் பெயரையும், ஒரே வீட்டு ஆட்களைக் கூப்பிடுவது போல உரக்கச் சொன்னேன்.